ஒரே பேர், இரண்டு தேதி

கார் வளைவேறி வரும் சத்தம் கேட்டதும் செல்லி மகளைக் கொல்லைக்குத் துரத்தினாள். பலாமரத்தூருக்குக் கார் வருவதென்றால் ஓட்டுக் கேட்க வரும்; இல்லாவிட்டால் யாரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வரும். இன்றைக்கு வருவது இரண்டுக்கும் இல்லை. அவள் மகள் நதியாவுக்கு வயது பதினாலா பதினாறா என்று தெரிந்துகொண்டு போக வருகிறது.

இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, பெற்றவளைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் வில்லங்கம். இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று பெற்றவள் பதினைந்து வருஷமாகப் பிடிவாதமாக இருக்கிறாள்.

நதியா கிரிக்கெட்டில் இடது கையால் வேகமாகப் பந்து போடுகிறவள். மலைமேல் இருக்கிற உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியின் பி.டி. சார் வெற்றிச்செல்வன் போன வருஷம் அவளைத் திருப்பத்தூருக்கு மாவட்டத் தேர்வுக்கு அழைத்துப் போனார். பெரிய வகுப்புப் பெண்ணின் ஷூவில் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு போனவள், இரண்டே மாட்சில் ஒன்பது பேரை அவுட் ஆக்கிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் வேலூர், அதற்கப்புறம் சென்னை. பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநில அணிக்கு முப்பது பேரை வடிகட்டினார்கள். முப்பதிலிருந்து பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் நதியா இருந்தாள். ஊர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சான்றிதழ் கேட்டுவிட்டார்கள்.

ஆதாரைப் பார்த்து பி.டி. சார் படிவத்தில் எழுதிய பிறந்த தேதி 20-1-2011. பிறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். நதியாவின் அப்பா சடையன் கேரளாவில் தோட்ட வேலை செய்கிறவன்; அந்த வாரம் லீவில் வந்திருந்தான். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான். நதியா என்று பெயர் போட்ட சான்றிதழ் ஒன்று இருந்தது. முழுசாகக்கூடப் பிரிக்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாளே வண்டியேறிவிட்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், பெயரைப் படித்தான், தேதியைப் படிக்கவில்லை. அதில் இருந்த தேதி 14-3-2009.

மாநில கிரிக்கெட் சங்கத்தில் வயதுச் சான்று பார்க்கிற அதிகாரி சரிதா. மீசையைச் சிரைத்துக்கொண்டு வந்து, உடைந்த குரலில் "பதிமூணு வயசு மேடம்" என்று நிற்கிற பையன்களைப் பார்த்துப் பார்த்துப் பழுத்த கண் அவருடையது. ஒரே பெண்ணுக்கு இரண்டு தேதி என்றால் அவருக்கு வேறென்ன தோன்றும்? இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு பதினாலு என்றது. தாள் பதினாறு என்றது. எலும்பும் தாளும் சண்டை போட்டால் சங்கத்தில் தாளுக்குத்தான் மரியாதை. தாள் அவளுடையதுதான் என்றால் அணியில் இடமில்லை. வயதைக் குறைத்துப் படிவம் கொடுத்ததற்கு இரண்டு வருஷத் தடை வேறு. தாள் அவளுடையது இல்லையென்றால், யாருடையது என்று சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கத்தான் நேரில் வருகிறார். இன்றைக்கு ஐந்து மணிக்கு அணிப் பட்டியல் மேலே போய்விடும்.

அந்தத் தாள் யாருடையது என்று செல்லிக்குத் தெரியும். ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் நதியா ஒருத்திதான்.

காரிலிருந்து இறங்கிய சரிதா கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். நாற்பது வளைவு அவரையும் விட்டுவைக்கவில்லை. பின்னாலேயே வெற்றிச்செல்வன் பைக்கில் வந்து இறங்கினார். செல்லி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு சரிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே முக்கால்.

"இங்க போன் எடுக்குமா?"

"இங்க எடுக்காதுங்க மேடம். கீழ அம்பலப்பாறை வளைவுலதான் டவர் கெடைக்கும். கார்ல இருபது நிமிஷம்," என்றார் வெற்றிச்செல்வன்.

"அப்ப நாலேகாலுக்கு மேல நான் இங்க இருக்க முடியாது." ஃபைலைத் திறந்து அந்தத் தாளை எடுத்து செல்லியிடம் நீட்டினார். "இது யாரோட சர்டிபிகேட்டும்மா?"

"நதியாவோடதுங்க."

"அப்ப உங்க பொண்ணு ரெண்டாயிரத்து ஒன்பதுல பொறந்தவளா?"

செல்லி சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஆதார்ல பதினொன்னுன்னு இருக்கு. அந்தத் தேதிய யாரு சொன்னது?"

"நான்தாங்க சொன்னேன்."

"அப்ப ரெண்டுல எது பொய்?"

"ரெண்டுமே பொய்யில்லீங்க."

சரிதா வெற்றிச்செல்வனைத் திரும்பிப் பார்த்தார். அவர் படவேட்டுப் பக்கத்துக்காரர். மலைக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவருக்கு என்ன தெரியும்? தலையைச் சொறிந்தார்.

வீட்டுக்கு மேற்கே கொல்லையிலிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. சாமை அறுத்த தரிசில் நதியா பந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டம்புக்குப் பதில் ஒரு பழைய பலகை. பெரியவர்கள் பேசும் இடத்தில் நிற்காதே என்று செல்லிதான் அவளைத் துரத்தியிருந்தாள். ஒவ்வொரு டொக்குக்கும் செல்லி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

செல்லிக்கு முதலில் பிறந்த பெண்ணுக்கும் நதியா என்றுதான் பெயர். கீழே ஆஸ்பத்திரியில் பிறந்தது, அதனால் தாள் கிடைத்தது. ஒரு வயது நிறையப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் தூளிக்குள் அசைவு நின்றுவிட்டது. முன்கம்பு பிடித்திருந்த சடையனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் நிற்கவில்லை. அடுத்த வளைவு வரைக்கும் நடந்தான். பிறகுதான் இறக்கி வைத்தான்.

கொல்லையின் மேட்டு வரப்பில் புதைத்தார்கள். மண் தள்ளுவதற்கு முன் செல்லி ஓடிப்போய் சட்டியடிக் கரியை விரலில் தொட்டு வந்து, குழந்தையின் இடது மணிக்கட்டில் வைத்தாள். திரும்பி எங்கிட்டயே வா, வரும்போது இந்த அடையாளத்தோட வா என்று காதில் சொன்னாள். சடையன் அந்த இடத்தில் ஒரு கல் வைத்தான். வருஷம் திரும்புவதற்குள், தை மாதம், வீட்டிலேயே ஒரு பெண் பிறந்தது. அதன் இடது மணிக்கட்டில் கருப்பாக ஒரு மச்சம் இருந்தது.

அதற்குமேல் செல்லிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனவள் வந்துவிட்டாள். அதே பெயரை வைத்தாள். வந்துவிட்டாள் என்றால் போகவே இல்லை என்றுதானே அர்த்தம்? நதியா செத்தாள் என்று இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் வந்தவளுக்கும் போகிற வழி ஞாபகம் வந்துவிடும் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டாள். பதினெட்டு வீடு. பதினெட்டும் ஒத்துக்கொண்டன. மற்ற விஷயத்தில் ஒருவன் சொன்னதை இன்னொருவன் கேட்காத ஊர், இந்த ஒன்றைக் காதும் காதும் வைத்தாற்போல் காப்பாற்றி வந்தது.

அதனால்தான் அடுத்து சரிதா பட்டபாடு அப்படியானது.

அவர் பக்கத்து வீட்டு அன்பரசனைக் கூப்பிட்டார். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்போலப் பாவனை செய்துகொண்டு அவர் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது யாரோட சர்டிபிகேட்டுங்க?"

"நதியாவோடதுதாங்க. சத்தியமா."

"அவ எப்ப பொறந்தா?"

அன்பரசன் செல்லியைப் பார்த்தார். "அது... மழை நாள்லங்க."

"மார்ச்லயும் மழையில்ல, ஜனவரிலயும் மழையில்ல."

"அப்ப வெயிலு நாளாத்தான் இருக்கும்ங்க," என்றார் அன்பரசன், உதவி செய்துவிட்ட திருப்தியோடு.

இன்னும் மூன்று வீடு. மூன்று வீட்டிலும் அதே சத்தியம், அதே பார்வை. எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. நதியாவுடைய தாள்தான். எந்த நதியா என்று கேட்க சரிதாவுக்குத் தோன்றவில்லை, எப்படித் தோன்றும்?

மணி மூன்றைத் தொட்டது. சரிதாவின் முகம் சிவந்துவிட்டது. "இங்க பாருங்க சார், ஊரே சேர்ந்து மறைக்குது. வயசு ஏமாத்துறவங்களப் பாத்திருக்கேன், இப்படி கூட்டா சேந்து ஏமாத்துறத இப்பத்தான் பாக்கறேன்."

வெற்றிச்செல்வனுக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, இன்னா யக்கா இது?" என்று செல்லியிடம் வந்தார். "அந்தப் பொண்ணு கைய பாருங்க. காப்பு காச்சிப் போய்க்கீது. ரெண்டு வருஷம் தடை போட்டா அப்புறம் யாரு அவள நெனச்சி வெச்சிருப்பாங்க? ஒரே ஒரு வார்த்த. சொல்லிடுங்க."

செல்லி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் மனதில் வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த அன்றைக்கு, வலித்ததா என்று நதியாவிடம் கேட்டாள். "வலிலாம் இல்லம்மா. கைய மேல வெக்கச் சொன்னாங்க, படம் புடிச்சாங்க. உள்ள எல்லாம் வெள்ள வெள்ளையா எலும்புதான். என் மச்சம் படத்துல வுழவே இல்ல," என்று சிரித்தாள் நதியா. சிரிக்கிற விஷயமாகத்தான் அவளுக்கு இருந்தது. அன்றையிலிருந்து செல்லிக்குச் சோறு இறங்கவில்லை. கரியோடு வந்தவள், அந்த ஒரு வருஷத்தையும் எலும்பில் கொண்டுவந்திருக்க வேண்டாமா? எலும்பு தையிலிருந்துதான் கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தவளை அதற்குத் தெரியவே தெரியாது.

அப்போது ஒற்றையடிப் பாதையில் பெரியம்மாள் வந்தார். அங்கன்வாடி டீச்சர். முந்தானைக்குள் மறைத்து ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்திருந்தார். செல்லியின் முகத்தைப் பார்க்காமல் நேராக சரிதாவிடம் போனார்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன் மேடம். குழந்தைங்க எட போட்ட ரிஜிஸ்டரு."

"யக்கா, வாணாம்," என்றாள் செல்லி.

"அரசாங்க நோட்டு செல்லி. வந்து கேட்டா நான் இல்லன்னு சொல்ல முடியாது."

சரிதா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. நதியா, தந்தை சடையன், பிறந்த தேதி 20-1-2011, எடை இரண்டு கிலோ நானூறு. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டவர், என்ன தோன்றியதோ, பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். விரல் இன்னொரு தடவை நின்றது. நதியா, தந்தை சடையன், 14-3-2009. மாதாமாதம் எடை ஏறிக்கொண்டே வந்து, அடுத்த வருஷம் பிப்ரவரியில் நின்றிருந்தது. அதற்கப்புறம் கட்டங்கள் காலி. குறிப்பு என்ற இடமும் காலி.

சரிதாவின் குரல் இறங்கிப் போயிற்று. "ரெண்டு பேரா?"

கொல்லையில் டொக்.

"டீச்சர், இந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஏன் எழுதல?"

"நான் வேலைக்கு வந்த புதுசுங்க. எழுத வாணாம்னு..." பெரியம்மாள் செல்லியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "வுட்டுட்டேன்."

சரிதா நோட்டை மூடினார். எழுந்து வந்து செல்லிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அதிகாரி போல இல்லை அது.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா எனக்குப் புரிஞ்சத நான் எழுத முடியாது. இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கு. ஒரே குழந்தைக்கு ரெண்டாவது தடவ தேதிய மாத்தி எழுதிக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. பெத்தவங்க நீங்க சொல்லணும், நான் எழுதணும், நீங்க கையெழுத்துப் போடணும். இந்த நோட்டும் எக்ஸ்ரேயும் அதுக்கு சாட்சி. மத்த பேப்பருக்குப் பதினஞ்சு நாள் டைம் வாங்கிக்கலாம். சொல்லுங்க. உங்களுக்கு எத்தன பொண்ணு?"

"ஒருத்திதாங்க."

"அம்மா..."

"ஒருத்திதாங்க. எனக்கு ஒருத்திதான்."

சரிதா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஃபைலிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். மணி மூன்று ஐம்பது. "அப்ப நான் வேற வழியில்லாம எழுதறேன். வயது குறைத்துக் காட்டப்பட்டது. இரண்டு ஆண்டு..."

டொக் சத்தம் நின்றுபோய் எவ்வளவு நேரமாயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. வீட்டு மூலையில் நதியா நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் பந்து. மூச்சு வாங்கியது.

"ரெண்டு வருஷம் ஆட வுடமாட்டீங்களா மேடம்?"

"நீ உள்ள போ பாப்பா," என்றாள் செல்லி.

"பதினாறுன்னே போட்டுக்கோங்க மேடம். நான் பெரியவங்களோட ஆடிக்கிறேன். எங்கம்மாவ கேக்காதீங்க, அது பாவம்."

"அப்பவும் தடை தடைதான்மா," என்றார் சரிதா. "வயசு ரெண்டு விதமா குடுத்திருக்கீங்க."

நதியா அம்மாவுக்கு முன்னால் வந்து குந்தினாள். கோபமில்லை அந்த முகத்தில். குழப்பம்தான் இருந்தது. "ம்மா. நான் எப்பம்மா பொறந்தேன்?"

சரிதா கேட்டால் சமாளித்துவிடலாம். ஊர் கேட்டால் முறைத்துவிடலாம். இவள் கேட்கிறாள். எதிரே குந்தியிருக்கிற இவளுக்கு ஒரு பிறப்பு இருந்தது. செல்லியின் இடுப்பு அதை மறக்கவில்லை.

"தைப்பூசத்தன்னிக்கு," என்றாள் செல்லி. "வூட்லதான். அடுப்பாண்ட. உங்கப்பா ஜீப்பு கூப்புட ஓடிச்சி, அது வர்றதுக்குள்ள நீ வந்துட்ட. கொடிய நானே அறுத்தேன். நீ அழல. ரொம்ப நேரம் அழல. நான் பயந்துட்டேன்."

"அப்ப அந்தப் பேப்பரு யாரோடது?"

செல்லி எழுந்தாள். சரிதாவிடம், "வாங்க," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கொல்லையை நோக்கி நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். அன்பரசனின் ஆடுகள்கூடப் போயின.

மேட்டு வரப்பில் ஒரு கல் இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, பாதி மண்ணில் புதைந்தது. மேல்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நதியாவின் ஓட்டம் தொடங்குகிற இடம் அது. ஒன்பது வயதிலிருந்து அவள் அந்தக் கல்லில் இடது காலை வைத்து உந்தித்தான் சரிவில் இறங்கி ஓடுவாள்; பதினேழாவது அடியில் பந்து கையைவிட்டுப் போகும். வேறெங்காவது இருந்து ஓடேன் பாப்பா என்று செல்லி ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கல்லில் கால் வைத்தால்தான் எனக்கு ஓட்டம் சரியா வருது என்றாள் நதியா. சென்னை மைதானத்திலும் மனசுக்குள் அந்தக் கல்லை வைத்துக்கொண்டுதான் ஓடினேன் என்று வந்து சொன்னாள்.

செல்லி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்மேல் கையை வைத்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் அதைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

"இவளோடதுங்க அந்தப் பேப்பரு," என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் நதியாவைத்தான் பார்த்தாள். கண்ணை இமைக்காமல் பார்த்தாள். நதியா விழவில்லை, மறையவில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு, வாயைத் திறந்தபடி, அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

சரிதா நின்றபடியே எழுத ஆரம்பித்தார். நேரமில்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பலாமரத்தூர், சடையன் மனைவி செல்லியாகிய நான் எழுதிக் கொடுப்பது. 14-3-2009-ல் பிறந்த என் மகள் நதியா, 4-3-2010 அன்று இறந்து..."

"நிறுத்துங்க." செல்லியின் குரல் கிறீச்சிட்டது. "நதியா செத்துட்டான்னு எழுதாதீங்க. இவ நிக்கிறாளே."

"பேரு அதானம்மா? வேற எப்படி எழுதறது?"

மணி நான்கு ஐந்து. செல்லி கல்லைப் பார்த்தாள். கையை அதிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தவன்னு எழுதுங்க," என்றாள். "என் மூத்த பொண்ணுன்னு."

மூத்தவள் என்றால் இளையவள் ஒருத்தி உண்டு. அது தெரிந்துதான் செல்லி சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அன்றைக்குப் புதைத்துவிட்டு வந்தபோது அழாத அழுகை. பெரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அவள் பெயர். அதில் கடைசி எழுத்து தாளில் ஒரு சொட்டு விழுந்து கலங்கிவிட்டது. பரவாயில்லை என்றார் சரிதா.

பெரியம்மாளின் நோட்டையும் வாங்கிக்கொண்டு கார் நாலேகாலுக்குக் கிளம்பியது. பைக் பின்னால் போயிற்று. டவர் கிடைக்கிற வளைவுக்கு இருபது நிமிஷம். டவர் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆளுக்கொரு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊர்க்காரர்கள் நகர்ந்தார்கள். யாரும் வேலைக்குப் போகவில்லை. அவரவர் வாசலில் நின்று கீழே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"தெனமும் மிதிச்சேனே," என்றாள் நதியா. "நீ பாத்துக்கினே இருந்தியே."

"உன் கல்லுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உன்து, நீ மிதிக்கிறன்னு."

"நான் அவ இல்லியே."

செல்லி கல்லோரத்துப் புல்லைப் பிடுங்கினாள்.

நதியா பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேயிருந்தாள். மணிக்கட்டின் மச்சத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், அழியுமோ என்பதுபோல. பிறகு, அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள். "இத்தினி நாளா நதியா நதியான்னு கூப்டியே, என்ன கூப்டியா, அவள கூப்டியா?"

சரிதா அன்று முழுக்கக் கேட்ட கேள்விகளையெல்லாம் தாங்கிவிட்ட செல்லிக்கு இதைத் தாங்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஒரு பெயரில் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒருத்தி ஓடி வருவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒருத்திக்கே சோறு போடுவாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நதியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கிப் பலகையிடம் போய்விட்டாள்.

ஐந்தடித்து ஏழு நிமிஷம் ஆனபோது கீழே பைக் சத்தம் கேட்டது. கடைசி மேட்டில் திரும்புவதற்கு முன்பே வெற்றிச்செல்வன் கத்த ஆரம்பித்துவிட்டார். "போய்டுச்சி! பேரு மேல போய்டுச்சி! டவர் கெடச்சி மேடம் பேசி, நோட்ட படம் புடிச்சி அனுப்பி... பதினஞ்சுல நம்ம பொண்ணு கீது!" அன்பரசன் எங்கிருந்தோ ஒரு விசில் அடித்தார். பிள்ளைகள் பைக்கைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியம்மாள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நதியா கொல்லையிலிருந்தே கேட்டுக்கொண்டாள். சிரித்தாள், பி.டி. சாருக்குக் கையை ஆட்டினாள். ஆனால் ஊர்ப்பக்கம் ஓடவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள்.

கல்லுக்கு ஓரடி தள்ளி நின்றாள். குனிந்து பார்த்து, இன்னும் ஒரு சாண் தள்ளிக்கொண்டாள். அங்கிருந்து ஓடினாள். ஓட்டம் தடுமாறியது. பதினேழாவது அடி, பந்து போடும் கோட்டைத் தாண்டி விழுந்தது. பந்து பலகையை விட்டு எங்கேயோ போயிற்று. திரும்பி வந்து மறுபடி ஓடினாள். மறுபடியும் கோட்டைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது தடவை பாதியிலேயே நின்றுவிட்டாள். தலையைக் குனிந்து காலடியை எண்ணிக்கொண்டே மேலே ஏறினாள். கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள், நெருப்பைச் சுற்றிப் போகிறவள் மாதிரி. அடுத்த வாரம் முகாம். இந்த ஓட்டம் கெட்டால் பட்டியலில் பெயர் இருந்தும் பிரயோஜனமில்லை.

செல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நதியா!"

நதியா திரும்பினாள். செல்லி அவளை மட்டும் பார்த்தாள்.

"இன்னாம்மா?"

"அங்கயே கால் வையி பாப்பா," என்றாள் செல்லி. "அவ ஒண்ணும் சொல்லமாட்டா."